ஐபோன் செயலி, ஆண்ட்ராய்டு செயலி: எதில் நேர்த்தி?

வணக்கம். ஒரே செயலியை ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் வைத்துப் பார்த்தால் ஐபோனில் இருப்பதுதான் கச்சிதமாகத் தெரிகிறது. ‘அது மனப்பிரமை, இப்போது இரண்டும் ஒன்றுதான்’ என்கிறார் நண்பர். ஆப்பிளும் கூகுளும் தாங்களே செய்வதை விடுங்கள். மற்றவர்கள் செய்யும் செயலிகளில் நிஜமாகவே தர வித்தியாசம் உண்டா? எதை வைத்து அளப்பது?

எம்.

அன்புள்ள எம்,

உண்டு. ஆனால் அது ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாது. நிறத்தையும் ஐகானையும் விட்டுவிட்டு, விரல் பட்டதும் செயலி எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

முதலில், பின்னால் போவது. ஐபோனில் இடது ஓரத்திலிருந்து இழுத்தால் முந்தைய பக்கம் விரலோடு கூடவே வரவேண்டும். பாதியில் விரலைப் பின்னுக்குக் கொண்டுபோய் எடுத்தால் இருந்த பக்கமே நிற்கவேண்டும். 2013இல் ஐஓஎஸ் 7இல் வந்த வசதி இது. பக்கம் விட்டுப் பக்கம் போய்வர ஆப்பிளே தயாராகத் தரும் ‘நேவிகேஷன் கன்ட்ரோலர்’ என்ற கருவியை அப்படியே பயன்படுத்தினால் தானாகக் கிடைக்கும். அந்த இடத்தில் சொந்தமாக வரைந்த அம்புக்குறி பட்டனை வைக்கும்போதுதான் இழுப்பு செத்துப்போகிறது. பட்டன் அழகாக இருக்கும், கட்டைவிரல் திரையின் உச்சிவரை போகவேண்டியிருக்கும்.

ஆண்ட்ராய்டில் ‘பேக்’ என்பது சிஸ்டத்தின் சமாச்சாரம். எந்தச் செயலியிலும் வேலை செய்யும். எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் கேள்வி. தேடல் பெட்டியை மூட நினைத்தால் சில செயலிகளில் மொத்தமாக வெளியே வந்துவிடுவோம். முந்தைய பக்கம் விரலோடு எட்டிப்பார்க்கும் அசைவுக்கான ஏற்பாடு ஆண்ட்ராய்டு 13இல்தான் வந்தது. அதையும் செயலி செய்பவர் தனியாக இயக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஐபோன் செயலிகள் வழவழப்பாகத் தோன்றுவதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்பேன்: நல்ல நடத்தை அங்கே கருவிப்பெட்டியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

அடுத்தது நினைவு. ஆண்ட்ராய்டில் போனைத் திருப்பினால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்தத் திரை அழிக்கப்பட்டு மறுபடி கட்டப்படும். நிலையைச் சேமிக்காத செயலியில் பாதி நிரப்பிய படிவம் போய்விடும். சோதிக்க வழி இருக்கிறது. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்பதை இயக்குங்கள். படிவத்தைப் பாதி நிரப்பி, ஹோமுக்குப் போய்த் திரும்புங்கள். எழுதியது இருந்தால் கவனமாகச் செய்த செயலி. சோதனை முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். ஐபோனிலும் பின்னணியில் இருக்கும் செயலியை சிஸ்டம் மூடுவது உண்டு. திருப்பியதற்காக மட்டும் திரையை அழிப்பதில்லை.

எழுத்தின் அளவில் நிலைமை தலைகீழ். ஆண்ட்ராய்டில் எழுத்தை ‘எஸ்பி’ அலகில் கொடுப்பது வழக்கம் என்பதால் பயனர் அளவைக் கூட்டினால் அதுவும் வளரும். ஐபோனிலோ, பயனர் வைத்த அளவுக்கு எழுத்தை மாற்றும் ‘டைனமிக் டைப்’ வசதியைச் செயலி செய்பவர் மதிக்காமல் 17 பாயின்ட் என்று எழுதிவிட்டால் அது 17தான், வயதானவர் எவ்வளவு கூட்டினாலும் அசையாது. ஆண்ட்ராய்டில் வரும் கோளாறு வேறு: எழுத்து வளரும், அதைச் சுற்றிய பெட்டியின் உயரம் வளராது.

தமிழ் வாசகர்களுக்கு அதிகம் வலிக்கும் இடம் இது. ‘நீக்கு’ என்ற பட்டனில் ஈகாரச் சுழி மேலே நறுக்கப்பட்டிருக்கும். ‘நூலகம்’ என்றால் ஊகார வால் கீழே காணாமல் போயிருக்கும். ஆங்கில எழுத்தின் உயரத்துக்குப் பெட்டி அடித்ததன் விளைவு. ஆண்ட்ராய்டு வெகுகாலம் இதற்கு நெருக்கி அழுத்திய தமிழ் எழுத்துருவைக் காட்டிச் சமாளித்தது. ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில், எழுத்தை நெருக்காமல் காட்டும் ‘எலகன்ட் டெக்ஸ்ட் ஹைட்’ அமைப்பு இயல்பாகவே இயங்குகிறது. தமிழ் அதன் முழு உயரத்தில் வருகிறது. பட்டனின் உயரத்தைப் பூட்டிவைத்தபடியே இதற்கு மாறிய செயலிகளில் நறுக்கல் இப்போது இன்னும் அப்பட்டமாகத் தெரியலாம்.

ஆக, உங்கள் கண் பொய் சொல்லவில்லை. திங்ஸ் (வேலைப் பட்டியல்), ஓவர்காஸ்ட் (பாட்காஸ்ட் கேட்க) போல ஆப்பிளுக்கென்றே இழைத்த சிறு செயலிகளின் நேர்த்திக்கு ஈடாக ஆண்ட்ராய்டில் தேடுவது கஷ்டம். போனின் வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் ஆண்ட்ராய்டு செயலியான டாஸ்கர் செய்யும் பல காரியங்களை ஐபோன் பிற செயலிகளுக்கு அனுமதிப்பதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நீங்கள் தினமும் தொடும் செயலிகளில், இரண்டு போன்களிலும், மொழியைத் தமிழாக்கி எழுத்தை ஆகப் பெரிதாக்கிப் பாருங்கள். நறுக்கப்பட்ட பட்டனைப் படமெடுத்து, போனின் மாடலையும் எழுத்தளவையும் குறிப்பிட்டு, செயலி செய்தவர்களுக்கு அனுப்புங்கள். பெட்டியின் நிலையான உயரத்தை எடுத்துவிட்டுக் குறைந்தபட்ச உயரம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.