கஃப்லிங்க் பைக்குக் காஜா போதும்

கேள்வி: என் கணவருக்கு மருந்து விற்பனைத் துறையில் வேலை. மாதம் இரண்டு தடவை சென்னை, பெங்களூரு என்று மீட்டிங். கோட்டுப் போட்டால் சட்டைக் கையில் பட்டனுக்குப் பதில் கஃப்லிங்க் மாட்டியே ஆக வேண்டும் அவருக்கு. பத்துப் பன்னிரண்டு ஜோடி சேர்ந்துவிட்டது. ஆன்லைனில் வாங்கிய கண்ணாடி மூடிப் பெட்டி பீரோவில் வைக்கத்தான் லாயக்கு. பயணத்தில் எல்லாம் ஒரே சுருக்குப் பையில் கிடந்து உரசிக் கீறல் விழுகிறது. கையில் எடுத்துப் போகவும் வேண்டும், திறந்தால் வரிசையாகத் தெரியவும் வேண்டும். அப்படி ஒரு பை தைக்க என்ன துணி, என்ன அளவு, டெய்லரிடம் எப்படிச் சொல்வது?
(வாசகி, அண்ணா நகர், மதுரை)

பதில்: முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். பன்னிரண்டு ஜோடியும் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியதில்லை. இரண்டு நாள் மீட்டிங்குக்கு நாலு ஜோடி தாராளம், மிச்சம் பீரோவிலேயே இருக்கட்டும். பன்னிரண்டு என்று ஆரம்பித்தால் டெய்லர் தைத்துத் தருவது பையாக இருக்காது, கல்யாண ஆல்பமாக இருக்கும்.

கடையில் கிடைப்பவற்றில் எலாஸ்டிக் வளையம் வைத்தது ஒரு வகை, சின்னச் சின்னப் பாக்கெட் வைத்தது இன்னொரு வகை. எலாஸ்டிக் நாளடைவில் தளர்ந்துவிடும், நம்மூர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டே பையைத் திறந்தேன், ஒன்று நழுவிக் கீழே விழுந்துவிட்டது. விடிந்ததும் செருப்பு, தண்ணீர் பாட்டில், பக்கத்து சீட்டுக்காரரின் பெட்டி எல்லாம் விலக்கித் தேடியும் கிடைக்கவில்லை. மிஞ்சிய ஒற்றை இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. பாக்கெட் வகை பத்திரம்தான். ஆனால் உள்ளே எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும்.

அப்புறம்தான் உறைத்தது. கஃப்லிங்க் உட்காருவதற்கென்றே சட்டையில் ஓர் இடம் இருக்கிறதே, காஜா! முகம் வெளியே தெரியும், பின்னால் உள்ள குச்சி குறுக்கே திரும்பிப் பூட்டிக்கொள்ளும், உலுக்கினாலும் விழாது. பைக்குள் ஒரு கஃப்பைத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஒரே ஒரு நுணுக்கம். கஃப்பை இரண்டாக மடித்துப் போடும் டபுள் கஃப் சட்டையில் கஃப்லிங்க் நாலு அடுக்குத் துணியைத் தாண்டிப் போகிறது. அந்தத் தடிமன் இருப்பதால்தான் முகம் நிமிர்ந்து நிற்கிறது. பைக்குள் ஒற்றைத் துணியில் காஜா போட்டால் முகம் தொங்கிப்போகும், பார்க்க வாடின பூ மாதிரி இருக்கும். அதனால் காஜா போடும் பட்டை அரை சென்டிமீட்டராவது தடிமனாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் துணி, நடுவில் காலருக்கு வைக்கிற கேன்வாஸ் மூன்று நாலு மடிப்பு. காஜா மெஷின் இந்தத் தடிமனை ஏற்காவிட்டால் கையால் காஜா எடுக்கச் சொல்லுங்கள்.

அளவு: நாலு ஜோடிக்கு எட்டுக் காஜா. வரிசைக்கு ஒரு ஜோடியாக நாலு வரிசை. ஒரு ஜோடிக்குள் காஜாவின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு மூன்றரை சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை மூன்று. ஓரம் விட்டுக் கணக்குப் போட்டால் பட்டை ஒன்பதுக்குப் பதினாலு சென்டிமீட்டர் வரும், பாஸ்போர்ட்டைவிடச் சற்று நீளம். அட்டை, காஜாப் பட்டை, பின் அட்டை என்று புத்தகம் போல மூன்று ஏடு. முதுகு மட்டும் நாலு சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும், ஏனென்றால் பின்பக்கம் குச்சிகள் துருத்திக்கொண்டு நிற்கும். பலர் இதை மறந்துவிட்டு, பை மூட மாட்டேன் என்கிறது என்று டெய்லரைத் திட்டுகிறார்கள். துணி வெட்டுமுன் கணவரிடம் இருப்பதிலேயே பெரிய ஜோடியை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

திறந்ததும் தெரிய வேண்டும் என்றீர்கள். இரண்டு அட்டையையும் மேசைக் காலண்டர் மாதிரி விரித்து நிறுத்தினால் போதும். விரிந்து சரிந்துவிடாமல் இரண்டுக்கும் நடுவே ஒரு ரிப்பன் துண்டு. ஹோட்டல் மேசையில் வைத்துவிட்டு எது மாட்டலாம் என்று நின்று பார்க்கலாம்.

தைக்க எங்கே போவது? மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் உட்கார்ந்திருந்த டெய்லர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். சாமி துணியிலிருந்து நாடக உடுப்பு வரை தைத்துப் பழகிய கைகள், வினோதமான வேலை என்று முகம் சுளிக்க மாட்டார்கள். நான் போனபோது நடந்த பேச்சு:

"அண்ணே, சட்டைக் கஃப் மாதிரி ஒரு பட்டை, அதுல எட்டுக் காஜா."

"சட்டையே இல்லாம கஃப்பா? யாருக்குங்க?"

"கஃப்லிங்க் மாட்டி வைக்கிறதுக்கு."

கொஞ்ச நேரம் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காஜா குறுக்கவா, நெட்டுக்கவா?"

அந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. குறுக்கேதான் வேண்டும். நெட்டுக்கப் போட்டால் நிறுத்தி வைக்கும்போது கஃப்லிங்க் ஓட்டையின் அடிக்குச் சரிந்து, வரிசை கோணலாகிவிடும். கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சட்டைத் தையல் கூலியைத் தாண்டினால் இன்னொரு கடையில் விசாரிக்கலாம்.

துணி: உள்பக்கம் கஞ்சி போக நன்றாக அலசிய பருத்தித் துணி. பழைய சுங்குடிச் சேலைத் துண்டு இருந்தால் அதுவே அழகு. புதுச் சுங்குடி என்றால் சாயம் விடுகிறதா என்று ஈரத்தில் பார்த்துவிடுங்கள். கம்பளி, ரப்பர் ஸ்பாஞ்ச், ரப்பர் பசை மூன்றும் வேண்டாம், அவற்றில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். அட்டை விறைப்பாக நிற்க, ஈரம் உறிஞ்சும் காகித அட்டைக்குப் பதில் பழைய பிளாஸ்டிக் ஃபைலை வெட்டி உள்ளே வைக்கலாம். வெளியே தோல் வேண்டுமென்றால் போடலாம், திண்டுக்கல் பக்கம் தோல் பதனிடுவது பழைய தொழில்தானே. ஆனால் தோல் வெளியே மட்டும். சாதாரணத் தையல் மெஷின் ஊசியும் அதற்குத் தாங்காது. மூட டிச் பட்டன் போதும். ஜிப் பல் உரசும், வெல்க்ரோ பருத்தி நூலைப் பிய்க்கும்.

சங்கிலியால் இணைத்த பழைய வகை ஜோடி இருந்தால் இந்தக் காஜாவில் ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு மட்டும் பின் அட்டையில் ஒரு சின்னப் பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் 925 வெள்ளி கஃப்லிங்க் வாங்கினேன். அவர்கள் கொடுத்த ஸ்பாஞ்ச் பெட்டியிலேயே வைத்திருந்தேன். நாலே மாதத்தில் கறுத்துவிட்டது. போலியா? கேட்டால், பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறதே என்கிறார்கள்.
(வாசகர், திருப்பரங்குன்றம்)

பதில்: கறுத்ததை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. காற்றிலும் ஸ்பாஞ்சிலும் உள்ள கந்தகம் பட்டால் சுத்தமான வெள்ளியும் கறுக்கும். என் சந்தேகம் அந்தப் பெட்டி மீதுதான். வெள்ளி துடைக்கும் துணியால் தேய்த்துப் பாருங்கள். கல் பதித்ததோ எனாமல் பூசியதோ இல்லையென்றால், அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சுடுதண்ணீரும் சமையல் சோடாவும் போட்டு, தாளில் படும்படி கொஞ்ச நேரம் வைத்தாலும் கறுப்பு இறங்கும்.

சந்தேகம் தீரவில்லையா? பொருளில் ஹால்மார்க், அதாவது சுத்தத்துக்கு பிஐஎஸ் என்ற அரசின் தர நிர்ணய அமைப்பு தரும் முத்திரை, இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் போடும் வெள்ளிக்கும் எச்யூஐடி வந்தது, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் அடித்தால் விவரம் தெரியும். தங்கத்துக்குப் போலக் கட்டாயமாக இல்லாமல், விரும்புகிற கடைகள் போடலாம் என்றுதான் அது கொண்டுவரப்பட்டது. அதனால் முத்திரை இல்லாததே குற்றம் ஆகாது. ஹால்மார்க் இருந்தும் சோதனையில் சுத்தம் குறைவு என்று வந்தால், குறைகிற அளவுக்கான தொகையைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்குச் சேர வேண்டும். முத்திரை இல்லாமல் பில்லில் 925 என்று எழுதியிருந்தால், அந்தப் பில்லே உங்கள் சாட்சி.

'திரும்பப் பெறப்படாது' என்ற வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பொருளைத் திரும்ப வாங்கிப் பணத்தைத் தர வேண்டும் என்று கணக்கு. ஆனால் மனசு மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, அதற்கு இந்தச் சட்டம் வராது.

கேள்வி: தம்பி கல்யாண ரிசப்ஷனுக்கு டபுள் கஃப் சட்டை சொன்னேன். டெய்லர் சாதா கஃப் வைத்துப் பட்டன் தைத்துவிட்டார். கூலி முழுசாகக் கேட்கிறார். பில் கிடையாது. கேஸ் போடலாமா?
(வாசகர், மேலூர்)

பதில்: போடலாம், தையலும் சேவைதான். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அளவெடுத்த சீட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், ஜிபே ரசீது எதுவானாலும் எடுத்து வையுங்கள். கேட்டும் பில் தர மறுத்தால் அதுவும் புகாருக்குரியதுதான்.

ஆனால் ரிசப்ஷன் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த வாரம் என்றால், பட்டனைக் கத்தரித்துவிட்டு அந்தப் பக்கமும் ஒரு காஜா எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் காஜா இருந்தால் ஒற்றைக் கஃப்பிலும் கஃப்லிங்க் போடலாம், பத்து நிமிஷ வேலை. அதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.