மருத்துவ சீட்டுக்காக வீட்டை அடகு வைக்க வேண்டாம்

பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மில் உங்கள் மகள் உயிரியலிலும் வேதியியலிலும் நன்றாகவே செய்திருக்கிறாள். அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்க அந்தப் புள்ளி போதாது. தனியார் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி மாமா வீட்டார் நச்சரிக்கிறார்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் ஆறுதல் சொன்னால் மட்டும் போதாது.

வீட்டை அடகு வைக்காதீர்கள், ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎப் பணத்தையும் தொடாதீர்கள். தனியார் கல்லூரிகள் பலவற்றில் எம்பிபிஎஸ் செலவு 3 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டுகிறது. 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்களை அரசு, நிரந்தர வேலை உறுதியில்லாத ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கியது. அதை எதிர்த்து 2021 ஜூலையில் அவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். கடனைக் கட்டப்போவது மாமா இல்லை, நீங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சித்தி சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரை பலன் தர ஏன் இத்தனை வாரம் ஆகிறது என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். மருந்தியல் ஆய்வாளர்களில் சிலருக்கு அந்தக் கேள்விதான் தொழிலே.

அவர்கள் அதை ஆராயும் ஒரு முறை இது: எலிகளுக்குப் பல வாரம் சின்னச் சின்னத் தொல்லை கொடுப்பார்கள். ஒருநாள் கூண்டைச் சாய்த்து வைப்பது, ஒருநாள் படுக்கைத் தூளை நனைப்பது, இன்னொரு நாள் இரவெல்லாம் விளக்கை எரியவிடுவது. அடுத்து என்ன என்று எலிக்குத் தெரியாது. அப்புறம் இரண்டு போத்தல் வைப்பார்கள், ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சர்க்கரைத் தண்ணீர். நல்ல நிலையில் உள்ள எலி இனிப்பைத் தேடும். நொந்துபோன எலிக்கு அந்த நாட்டம் குறைந்துவிடும். பிறகு ஒரு பிரிவுக்குப் புது மருந்து, இன்னொன்றுக்கு இமிப்ரமின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்து, மூன்றாவதற்கு மருந்தில்லாத கரைசல். இனிப்பின் மேல் ஆசை திரும்புகிறதா என்று போத்தல்களை எடைபோட்டுப் பார்ப்பார்கள். பால் வில்னர் குழுவினர் 1987இல் வெளியிட்ட முறை இது. 1977இல் வந்த, எலியைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் நீச்சல் சோதனையில் ஒரே நாளில் கொடுத்த மருந்துக்கே பலன் தெரிந்துவிடும். இதிலோ மனிதர்களுக்கு ஆவதுபோல வாரக்கணக்கில் ஆகும். உங்கள் மகளின் கேள்வி இங்கேதான் நிற்கிறது.

எலிக்கு வருவது அப்படியே மனிதரின் மனச்சோர்வு அல்ல. எலியிடம் தேறிய மருந்துகள் மனிதரிடம் தோற்றதும் உண்டு.

இந்த ஆய்வுத் துறைக்குப் போக முதலில் பயோமெடிக்கல் சயன்ஸ் பட்டம்: யுகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) கோலாலம்பூர் வளாகம், அல்லது கிளந்தான் மாநிலத்தின் குபாங் கெரியானில் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்). பிறகு மருந்தியலில் முதுகலை. அதற்கு உங்கள் வீட்டிலிருந்து பாலம் கடந்தால் பினாங்குத் தீவில் யுஎஸ்எம்மின் மிண்டன் வளாகம்; நம் வடக்கு மாநிலங்களில் வளரும், மருந்துபோல வேலை செய்யும் கெத்தும் (kratom) மர இலையை நெடுநாளாக ஆராய்ந்துவரும் மையம் அங்கேதான் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் போதும். ஆய்வு உதவியாளர் சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான். சொந்தமாக ஆய்வு நடத்த பிஎச்டி வேண்டும். அவ்வளவு தூரம் போக மனமில்லையென்றால் மருத்துவச் சோதனைகளை ஒருங்கிணைப்பது, மருந்துப் பதிவு போன்ற வேலைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு.

ஒன்றை அவளிடம் மறைக்காதீர்கள். நெறிக்குழு அனுமதியோடு, முடிந்தவரை குறைந்த எண்ணிக்கையில்தான் விலங்குகளைப் பயன்படுத்துவார்கள் என்றாலும், முடிவில் பெரும்பாலும் எலிகளைக் கொன்றுதான் மூளையை ஆராய்கிறார்கள். அதைத் தாங்க முடியுமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். செல் வளர்ப்பு ஆய்வு, நோயாளிகளிடம் நடக்கும் சோதனைகள் என்று அதே கேள்விக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யுபியு விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது என்பதை மாமா வீட்டாரிடம் கேட்காமல் அவளே நிரப்பட்டும்.