செருப்புக் கடையில் ஒரு வக்கீல் – கடிதம்

அன்புள்ள சார்,

புத்தகம், எழுத்து என்றே கேள்விகள் வரும் இடத்தில் ஒரு டிவி தொடரைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நானும் அம்மாவும் கேத்தி பேட்ஸ் வக்கீலாக நடித்த ‘ஹாரீஸ் லா’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்தோம். அம்மாவுக்கு எழுபது வயது. வக்கீல் தொடர் என்றால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். துணைக்கு உட்கார்ந்த நான் ஒரே நாளில் மாட்டிக்கொண்டேன். முதல் சீசனின் 12 அத்தியாயங்களையும் நாலு நாளில் முடித்தோம். வக்கீல் ஆபீஸாக மாறிய அந்தச் செருப்புக் கடை, வக்கீல் ஹாரியட், உதவியாளர் ஜென்னா, மால்கம் எல்லோரும் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

இரண்டாவது சீசன் ஆரம்பித்ததும் அம்மா கேட்டார்: “மாத்திப் போட்டுட்டியா? இது வேற தொடர் மாதிரி இருக்கே.” மாற்றிப் போடவில்லை. கடையைக் காணோம், மால்கமைக் காணோம், பெரிய அலுவலகம், புதுப் புது முகங்கள். சரி, போகப் போகப் பழகிவிடும் என்று பார்த்துக்கொண்டே வந்தால், திடீரென்று அதுவே முடிந்துவிட்டது. அடுத்த அத்தியாயம் எங்கே என்று ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தேன்.

தரம் போய்விட்டது, அதனால் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா? இதையும், இதற்கு முன் ‘பாஸ்டன் லீகல்’ என்ற வக்கீல் தொடரையும் எழுதிய டேவிட் ஈ. கெல்லிக்கு என்ன ஆயிற்று? பன்னிரண்டு பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன ஒரு தொடருக்கு எனக்கு இப்போது இவ்வளவு கோபம் வருவது சரியா? கேத்தி பேட்ஸ் மறுபடியும் வக்கீலாக ‘மேட்லாக்’கில் வருகிறாராமே, அதைத் தொடங்கலாமா, இல்லை அதுவும் இப்படி நடுவில் இறக்கி விட்டுவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

“மாத்திப் போட்டுட்டியா” என்று உங்கள் அம்மா கேட்டதிலேயே விமர்சனம் முடிந்துவிட்டது. நான் எழுதப் போவதெல்லாம் அதற்கு உரை.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்தான் எனக்கு இடிக்கிறது: ‘அதனால்’. தொடர் கெட்டது உண்மை. தொடர் நின்றதும் உண்மை. கெட்டதனால் நின்றது என்பது மட்டும் உண்மையில்லை. 2012 மே மாதம் என்பிசி அதை நிறுத்தியபோது, அந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்த நாடகத் தொடர்களில் அதுவும் ஒன்று. அதைவிடக் குறைவான பேர் பார்த்த தொடர்களுக்கெல்லாம் அடுத்த சீசன் கிடைத்தது. காரணத்தை யாரும் மூடி மறைக்கவும் இல்லை. அப்போது என்பிசியின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவராக இருந்த ராபர்ட் கிரீன்பிளாட் பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: இதைப் பார்ப்பவர்கள் ரொம்ப வயதானவர்கள், அவர்களை வைத்து வருமானம் பார்ப்பது கஷ்டம் என்று.

அதாவது, உங்கள் அம்மா.

அமெரிக்கச் சேனல்களுக்கு நீல்சன் நிறுவனம் தரும் கணக்கில் இரண்டு எண்கள் முக்கியம். மொத்தம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது ஒன்று. அது பெருமைக்கு. அவர்களில் 18 முதல் 49 வயதுக்குள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. அந்த நாட்களில் விளம்பரத்துக்கு விலை பேசியது பெரும்பாலும் இதை வைத்துத்தான். வயதானவர்கள் எப்படியும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைப் பிடிக்கத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை, தவிர அவர்கள் பழகிய பற்பசையை மாற்றவும் மாட்டார்கள் என்பது விளம்பர உலகத்தின் நம்பிக்கை. இளைஞர்கள்தான் கையில் அகப்படுவதில்லை. அகப்படாத சரக்குக்குத்தானே விலை. ஆக, ஐம்பதாவது பிறந்தநாளன்று ஒருவர் அந்தக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுகிறார். தொடர் நின்றபோது கேத்தி பேட்ஸுக்கே வயது 63. அவர் வயதுக்காரர்கள் அவரைப் பார்க்க வந்தார்கள், அதுதான் தொடர் செய்த குற்றம்.

இது புதிதும் இல்லை. 1971இல் சிபிஎஸ் சேனல், ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கிராமத்துத் தொடர்களை ஒரே வீச்சில் தூக்கியது. பார்ப்பவர்கள் நாட்டுப்புறத்து ஆட்கள், வயதானவர்கள் என்பதுதான் காரணம். அப்படித் தூக்கப்பட்ட ‘கிரீன் ஏக்கர்ஸ்’ தொடரில் நடித்த பேட் பட்ரம், மரம் தெரிகிற தொடரையெல்லாம் அந்த வருஷம் சிபிஎஸ் வெட்டிவிட்டது என்று கேலி செய்தார். 1992இல் என்பிசி இதே காரணத்துக்காக ஒரு வக்கீல் தொடரைக் கைவிட்டது. ஆண்டி கிரிஃபித் நடித்தது. ஏபிசி அதை எடுத்துக்கொண்டு 1995 வரை ஓட்டியது. அந்தத் தொடரின் பெயர் ‘மேட்லாக்’. பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் வருகிறேன்.

இதில் என்னால் இன்றுவரை சிரிக்காமல் இருக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. ‘பாஸ்டன் லீகல்’ முடிவதற்கு ஒரு வாரம் முன்பு, 2008 டிசம்பர் 1 அன்று வந்த அத்தியாயத்தில் ஒரு வழக்கு. பெட்டி ஒயிட் நடித்த பாட்டி, ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியும் காட்டுவதில்லை என்று டிவி சேனல்கள் மேல் வழக்குப் போடுவார். அவருக்காக வாதாடும் வக்கீல், ஐம்பது வயதைத் தாண்டிய நடிகர்களை நாயகர்களாக வைக்கத் துணிந்த தொடர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லி, பெயரின் முதல் எழுத்து வரை வந்து, தன் தொடரின் பெயரைத் தானே சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொள்வார். எழுதியது கெல்லி. மூன்றரை வருஷம் கழித்து அதே வழக்கு அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. இந்தத் தடவை பாட்டி பக்கம் பேச வக்கீல் இல்லை.

சரி, கெட்டுப்போன கதை. இங்கே நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எப்போது கெட்டது என்பதில் மட்டும் கொஞ்சம் துல்லியமாக இருக்கலாம். செருப்புக் கடையைக் கைகழுவிய அன்று.

முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். ஹாரியட் கார்ன் சின்சினாட்டியில் பெரிய காப்புரிமை வக்கீல். வேலை அலுத்து, அலுவலக அறையிலேயே கஞ்சா புகைத்துக்கொண்டு கார்ட்டூன் பார்க்கிறார். வெளியே அனுப்பிவிடுகிறார்கள். தெருவில் நடக்கும்போது, சாகலாம் என்று மாடியிலிருந்து குதித்த ஒரு பையன் இவர் மேல் வந்து விழுகிறான். அதிலிருந்து எழுந்தால் ஒரு கார் வந்து இடிக்கிறது. இடித்த ஆளும் வக்கீல். விழுந்தவன் மால்கம், இடித்தவன் ஆடம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாழடைந்த வட்டாரத்தில், காலி செய்துவிட்டுப் போன ஒரு செருப்புக் கடையில் ஆபீஸ் போடுகிறார்கள். கடைக்காரன் விட்டுப்போன உயர்ரக ஜோடிகளை வீணாக்குவானேன் என்று ஜென்னா அதையும் விற்கிறாள். வாசலில் நுழைகிறவர் ஜாமீனுக்கு வந்தவரா, ஜோடி செருப்புக்கு வந்தவரா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அபத்தம்தான். ஆனால் வேலை செய்கிற அபத்தம். கெல்லியின் பழைய வியாதி சொற்பொழிவு. அவரே பாஸ்டனில் வக்கீலாக இருந்தவர். கோர்ட்டில் பேசக் கிடைக்காததையெல்லாம் எழுதித் தீர்த்துக்கொள்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். எந்தத் தொடராக இருந்தாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் ஜூரி முன்னால் எழுந்து நாட்டுக்கு உபதேசம் செய்வார். அதைத் தாங்க வைக்க பக்கத்தில் ஒரு ஊசி வேண்டும், பலூனைக் குத்த. ‘பாஸ்டன் லீகல்’லில் அந்த ஊசி டென்னி கிரேன் என்ற வயதான வக்கீல். ஜேம்ஸ் ஸ்பேடர் நடித்த வக்கீல் ஆலன் ஷோர் எவ்வளவு உருகிப் பேசினாலும் இரவு பால்கனியில் சுருட்டோடு அந்த மனிதரிடம் வந்தாக வேண்டும், அவர் தன் பெயரைத் தானே சொல்லி எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார். ‘ஹாரீஸ் லா’வில் அந்த ஊசி ஒரு ஆள் இல்லை, ஒரு இடம். சமூக நீதி பற்றி முழங்கிவிட்டு ஹாரியட் திரும்பி வந்து உட்கார வேண்டியது செருப்பு அலமாரிகளுக்கு நடுவில். அங்கே யாரும் நீண்ட நேரம் மகாத்மாவாக இருக்க முடியாது.

இரண்டாவது சீசனில் கட்சிக்காரர்களுக்குக் காசு வந்தது, ஆபீஸ் பெரிதானது, மார்க் வேலி, கேரன் ஒலிவோ என்று நல்ல உயரமும் நல்ல சூட்டுமாக ஆட்கள் வந்தார்கள். மால்கம் திரும்பி வரவே இல்லை. ஜென்னாவும் கொஞ்ச நாளில் கரைந்துவிட்டாள். ஆல்ஃபிரட் மொலினா நடித்த அந்தக் கொலை வழக்கு, தனியாகப் பார்த்தால் நல்ல வழக்கு. என்ன, அதை எந்தத் தொடரிலும் வைத்திருக்கலாம். சொற்பொழிவு மட்டும் அப்படியே இருந்தது, திரும்பி வர அலமாரி இல்லை. நீங்கள் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று காத்திருந்தது வராமல் போனதற்கு என் விளக்கம் இதுதான். வக்கீல் டாமி ஜெஃபர்சனாக வந்த கிறிஸ்டோபர் மெக்டொனால்ட் மட்டும் கடைசி வரை ஏமாற்றவில்லை. டென்னி கிரேனின் ஏழைச் சொந்தக்காரன் மாதிரி ஒரு ஆள். எனக்குப் பிடிக்கும்.

கெல்லிக்கு என்ன ஆயிற்று என்றால், ஒரு தடவை பலித்த வைத்தியத்தை இன்னொரு தடவை செய்தார். 2003இல் அவருடைய ‘தி ப்ராக்டிஸ்’ என்ற வக்கீல் தொடருக்கு ஏபிசி பணத்தைக் குறைத்தபோது, நாயகன் டிலன் மெக்டெர்மட் உட்பட பாதிப் பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டு ஜேம்ஸ் ஸ்பேடரைக் கொண்டுவந்தார். ஸ்பேடருக்கு 2004இல் எம்மி விருது. அந்தப் பாத்திரத்தை எடுத்துத்தான் ‘பாஸ்டன் லீகல்’. அதற்கு 2005இல் அதே ஸ்பேடருக்கு மறுபடியும் எம்மி. வெட்டினால் துளிர்க்கும் என்று நம்பாமல் என்ன செய்வார்? அங்கே வெட்டியது கிளை, இங்கே வெட்டியது வேர். சேனல் தன் பங்குக்குத் தொடரைத் திங்கட்கிழமையிலிருந்து புதனுக்கு மாற்றியது, அப்புறம் ஞாயிறுக்கு. வயதானவர்கள் பழக்கத்தில் பார்ப்பவர்கள் என்று தெரிந்துகொண்டே நாளை மாற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

திடீரென்று நின்றதற்கு வருகிறேன். அமெரிக்கச் சேனல்கள் மே மாத நடுவில் நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டிவைத்து, வரும் செப்டம்பரில் என்னென்ன காட்டப் போகிறோம் என்று அறிவிக்கும். எது இருக்கும், எது போகும் என்பது அதற்கு முந்தைய சில நாட்களில்தான் முடிவாகும். தொடரின் கடைசி அத்தியாயமோ அதற்குள் எழுதி, எடுத்து, வெட்டி ஒட்டியும் ஆகியிருக்கும். எழுதும்போது அது கடைசி என்று யாருக்கும் தெரியாது. மே 11 அன்று செய்தி வந்தது, மே 27 அன்று 34ஆவது அத்தியாயத்தோடு திரை விழுந்தது. ‘பாஸ்டன் லீகல்’லின் கடைசி சீசன் இதுதான் என்று முன்பே தெரிந்திருந்தது. 13 அத்தியாயம் கையில் இருந்தது, டென்னியின் மறதி நோய்க்கும் அந்த நட்புக்கும் ஒரு முடிவு எழுத முடிந்தது. ஹாரியட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எனக்கும் ஒரு தடவை நடந்திருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். பதினேழாவது வாரம் போன். “அடுத்த வாரம் முடிச்சிடுங்க, நாலு பக்கம் விளம்பரம் வந்திருக்கு.” கதையில் ஒரு பெண் ரயிலில் பாதி தூரம் வந்திருந்தாள். அவளை நாலு பத்தியில் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்து, காதலிக்க வைத்து, சமாதானமாக்கி, கீழே ‘முற்றும்’ போட்டேன். கேவலமான அத்தியாயம். ஆனாலும் அந்த ஒரு சொல்லைப் போட விட்டார்கள். நீங்கள் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்த அந்த ராத்திரி தேடியது கதையை இல்லை என்று நினைக்கிறேன். அதற்குள் கதை மேல் உங்களுக்கே பெரிய பிடிப்பு போய்விட்டது. அந்தச் சொல்லைத்தான் தேடினீர்கள். அதற்குக் கோபப்படலாம். பன்னிரண்டு வருஷம் கழித்தும் படலாம்.

‘மேட்லாக்’ தொடங்குங்கள். 2024 செப்டம்பரில் சிபிஎஸ்ஸில் ஆரம்பித்தது, அப்போது கேத்தி பேட்ஸுக்கு 76. கெல்லி எழுதியது இல்லை. பழைய ஆண்டி கிரிஃபித் தொடரின் தொடர்ச்சியும் இல்லை, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே கதைக்குள் ஒரு வேடிக்கையாக்கியிருக்கிறார்கள். ஒரு வயதான பெண்மணி பெரிய வக்கீல் நிறுவனத்துக்குள் வேலை கேட்டு நுழைகிறார். வயதான பெண்ணை யாரும் கவனிப்பதில்லை, அதுதான் தன் பலம் என்கிறார். 2012இல் எந்தக் காரணத்துக்காகக் கடையை மூடினார்களோ, அதையே முதலாகப் போட்டுத் திறந்த கடை இது. நடுவில் இறக்கி விடாது என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது, அதை எழுதியவர்களாலும் முடியாது.

அம்மாவையும் கூட உட்கார வையுங்கள். முதல் அத்தியாயத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் தூங்கப் போகிறேன் என்று எழுந்தால் மட்டும் விடாதீர்கள். ஏன் என்று இங்கே சொன்னால் அடுத்த கடிதத்தில் என்னைத் திட்டுவீர்கள்.