அரசமரம், பாம்பு, குரங்கு: மலையடிவாரத்துக் கேள்விகள்

கோயிலும் காடும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. என்னைத் தெரியாதவர்களுக்கு: பினாங்கில் முப்பது வருடம் உயிரியல் பாடம் எடுத்தவன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடமும் எடுப்பவன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பவர்கள் கடைசிக் கேள்விக்குப் போகலாம்.

கேள்வி (பட்டர்வொர்த்): சார், எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயில் அரசமரத்தின் வேர் மதிலைப் பிளந்துவிட்டது. நிர்வாகம் வெட்டலாம் என்கிறது, அம்மா தெய்வக்குற்றம் என்கிறார். அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடுமாமே?

ஆக்சிஜன் கதையை முதலில் முடித்துவிடுவோம். வெளிச்சம் இருந்தால்தான் இலை ஆக்சிஜன் தயாரிக்கும். ராத்திரியில் அரசமரமும் நம்மைப் போலத்தான், ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். வாட்ஸ்அப் அறிவியலை வைத்து அந்த மரத்துக்குப் பெருமை சேர்க்க வேண்டாம். சொந்தப் பெருமையே அதற்கு ஏகப்பட்டது இருக்கிறது.

கீழே கிடக்கும் அரசம்பழம் ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். பூக்காத மரம் என்று நினைக்கிறோமே, அத்தனை பூவும் அதற்குள்தான் இருக்கிறது. அங்கே மகரந்தம் கொண்டுபோவது கொசுவைவிடச் சிறிய ஒரு குளவி. பிஞ்சின் நுனியில் இருக்கும் துளை அவ்வளவு குறுகல். பெண் குளவி நெருக்கிக்கொண்டு நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே முட்டையிடும், அங்கேயே சாகும். அடுத்த தலைமுறையில் ஆண்களுக்கு இறக்கையே கிடையாது. பெண்களோடு சேர்ந்துவிட்டு, அவை வெளியேற வழி குடைந்து கொடுப்பதோடு அவற்றின் கதை முடிந்தது. பெண்கள் மகரந்தத்தோடு பறந்து, பிஞ்சு விட்டிருக்கும் இன்னொரு மரத்தைத் தேடும். இந்தக் குளவிகள் ஓரிரு நாள்தான் உயிரோடு இருக்கும். அதனால் ஊரில் உள்ள மரங்கள் ஒரே சமயத்தில் காய்த்தால் குளவி இனமே தங்காது. ஆளுக்கொரு நேரத்தில் காய்க்கின்றன. மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதத்திலும் மைனாவுக்கும் பச்சைப்புறாவுக்கும் சாப்பாடு கிடைப்பது இதனால்தான்.

சரி, மதில். மதிலைத் தள்ளிக் கட்டுங்கள், அதுதான் மலிவு. பெரிய வேரை வெட்டினால் அடுத்த புயல் மழையில் மரம் கோயில் மேலேயே சாயலாம். வேலை தொடங்குமுன் மரம் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். கோபுரத்து இடுக்கில் முளைத்த கன்றுகளை மட்டும் இப்போதே பிடுங்கிவிடுங்கள், அது குற்றமில்லை. பறவை எச்சத்தில் வந்த விதை கோபுரமென்றும் குப்பைமேடென்றும் பார்க்காது. அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் பக்கம்தான் நானும் நிற்கிறேன் என்று. காரணம்தான் வேறு.

கேள்வி (சுங்கை டுவா): பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் ஊதுவத்திப் புகைக்குத்தான் பாம்புகள் மயங்கிக் கிடக்கின்றனவா? தொட்டுக் கும்பிடலாமா?

தொடாதீர்கள். அது விரியன் வகை, நல்ல விஷம் உண்டு. மயக்கமும் இல்லை. காட்டில் புகையே இல்லாத கிளையிலும் அது அப்படித்தான் இருக்கும். பகலெல்லாம் அசையாது, இரவில் இரை பக்கத்தில் வரும்வரை காத்திருக்கும். ஒரே கிளையில் நாள்கணக்கில் கிடப்பதும் உண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள குழியால் இரையின் உடற்சூட்டை உணர்ந்துவிடும். தடித்த உடம்பும் கறுப்பு மஞ்சள் பட்டையுமாகத் தெரிவது பெண். மெலிந்த பச்சை உடம்போடு இருப்பது ஆண்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): குரங்குக்குப் பழம் கொடுப்பது புண்ணியம் என்று பாட்டி சொல்வார். தாவரவியல் பூங்கா பக்கம் போனால் கொடுக்காதே என்கிறார்கள். யார் சொல்வது சரி, அண்ணே?

பாட்டி காலத்தில் ஊரும் காடும் இவ்வளவு நெருக்கமாக இல்லை, தங்கச்சி. போன வருடம் என் அர்ச்சனைப் பையையே ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. எனக்கு எதிரிலேயே மதில்மேல் உட்கார்ந்து வெற்றிலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டது. வாழைப்பழத்தை மட்டும் பதமாக உரித்துத் தின்றது. எனக்குக் கோபம் வரவில்லை; பிளாஸ்டிக் பை என்றால் சோறு என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? அப்புறம் அது வீடு புகும், யாராவது புகார் கொடுப்பார்கள், பொறி வைப்பார்கள். பிடிபட்டது பெரும்பாலும் காட்டுக்குத் திரும்புவதில்லை. நாம் கொடுத்த பழம் போய் முடிகிற இடம் அது.

லோத்தோங் என்ற இலைதின்னிக் குரங்கின் விஷயம் இன்னும் மோசம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்குமே, அதுதான். இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கிற வயிறு அதற்கு. இனிப்பும் ரொட்டியும் ஒத்துக்கொள்ளாது.

புண்ணியம் வேண்டுமென்றால் தெலுக் பஹாங் போய்ப் பாருங்கள். 2019இல் அங்கே சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களால் குரங்குகளுக்கு ஒரு பாலம் கட்டினார்கள். காரில் அடிபடாமல் லோத்தோங் குட்டியோடு கடந்து போகிறது.

கேள்வி (ஜெலுத்தோங்): தைப்பூசத்தில் இத்தனை தேங்காய் உடைப்பது வீண்தானே?

உங்கள் வேண்டுதல், உங்கள் தேங்காய். நான் ஒன்றுதான் கேட்பேன்: தெருவோரம் ஒதுங்கிய சிரட்டையைக் கவிழ்த்துப் போடுங்கள். மழைநீர் தேங்கினால் பத்து நாளுக்குள் ஏடிஸ், அதான் டெங்குக் கொசு, பறக்கும்.

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கிறேன். இப்போது பத்துமலைக்குப் போனால் சாமி தெரியவில்லை, சுண்ணாம்புப் பாறைதான் தெரிகிறது. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.

தம்பி, பாறையையாவது சரியாகப் பார்க்கிறீர்களே. படியில் செல்ஃபி எடுக்கிற பலருக்கு இரண்டுமே தெரிவதில்லை. அது சுமார் 40 கோடி வருடத்துக்கு முன் கடலடியில் படிந்தது என்று எனக்குத் தெரிந்த நாளில், கும்பிடு இன்னும் கொஞ்சம் நேரம் நீடித்தது. உங்களுக்கும் அப்படியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. எனக்கு எது எதற்கு என்பது ஆஸ்பத்திரியில்தான் தெளிந்தது: மனைவி படுத்திருந்தபோது மருந்தை டாக்டரிடம் கேட்டேன், பயத்தை முருகனிடம் சொன்னேன். டாக்டரிடம் பயத்தைச் சொல்லியிருந்தால் அவர் பாவம் என்ன செய்வார்?

வீட்டில் இப்போதே எதையும் அறிவிக்க வேண்டாம். அடுத்த முறை அம்மாவோடு போகும்போது பொழுது சாய்கிறவரை இருங்கள். பக்கத்து இருட்டுக் குகையில் வௌவால் எச்சம்தான் மூலச் சோறு. அதைத் தின்னும் பூச்சிகள், அவற்றைப் பிடிக்க மண்வளைக்குக் கதவு வைத்துக் காத்திருக்கும், பத்துமலையில் வாழும் ஒரு சிலந்தி. அந்த வௌவால்களில் ஒரு வகைக்குப் பூந்தேனும் மகரந்தமும்தான் உணவு. இருட்டியதும் குகையைவிட்டு வெகுதூரம் பறந்து டுரியான் பூவைத் தேடும். அந்தப் பூ சாயங்காலம் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். மகரந்தம் சேர அந்த ஒரு ராத்திரிதான். அம்மாவுக்கு டுரியான் பிடிக்கும் என்றால் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.