விருப்ப ஓய்வா, ஆட்குறைப்பா: சங்கம் எதில் கையெழுத்துப் போடலாம்?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் நான் சங்கச் செயலாளர். நிரந்தரத் தொழிலாளர் 180 பேர். ஆர்டர் குறைந்துவிட்டது, வங்கிக் கடன் நெருக்குகிறது, 40 பேர் விருப்ப ஓய்வில் போக வேண்டும், மற்றவர்களுக்கு இரண்டு வருடம் ஊதிய உயர்வு இல்லை என்கிறது நிர்வாகம். நூறு பேருக்கு மேல் இருந்தால் அரசு அனுமதி இல்லாமல் ஆளைக் குறைக்க முடியாதுதானே?

பதில்: அது பழைய கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. முன் அனுமதிக்கான வரம்பு இப்போது 300 பேர். அந்த வாதத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போகாதீர்கள்.

அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம், மறுதிறன் நிதியிலிருந்து (வேலை இழந்தவர் புதுத் தொழில் கற்க உதவும் நிதி) ஒருமுறை மட்டும் இன்னொரு 15 நாள் ஊதியம் தர வேண்டும். கிராஜுவிட்டி தனி. பொதுவாக அந்தந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். ஒரு வருடத்துக்குள் திரும்ப ஆள் எடுத்தால் வெளியே போனவர்களுக்கு முன்னுரிமை உண்டு. விருப்ப ஓய்வு சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. அதற்கு எழுதிக் கொடுத்தவர், கிராஜுவிட்டி தவிர, இந்த உரிமைகளைக் கேட்க முடியாது. நிர்வாகம் அதையே வலியுறுத்துவது சும்மா அல்ல. 40 பேருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகையைத் தாண்டாத பேக்கேஜைப் பேசவே வேண்டாம்.

ஊதிய உயர்வு விஷயத்தில், பழைய ஒப்பந்தத்தின் காலம் முடிந்தாலும், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து முறைப்படி முடிக்கும்வரை அது கட்டுப்படுத்தும். நஷ்டம் என்று வாயால் சொன்னால் போதாது. ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். தராவிட்டால், கம்பெனி பதிவாளரிடம் தாக்கலானதைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம்.

உயர்வை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பதிலுக்கு ‘இரண்டு வருடம் ஆட்குறைப்பு இல்லை’ என்ற உறுதியை வாங்குங்கள். அதை எம்.டி. அறையில் எழுதிக்கொள்ளாதீர்கள். பழைய தொழில் தகராறு சட்டப் பிரிவை வைத்து நாம் 12(3) என்று சொல்லிப் பழகிய மாதிரி, தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் போடுங்கள். அப்படிப் போட்டால் சங்கத்தில் இல்லாதவர்களையும் அது கட்டுப்படுத்தும். நாளைக்கு ஆலை கைமாறினால் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். கடனில் இருக்கும் கம்பெனியில் இது பெரிய விஷயம்.

அப்புறம், கோபத்தில் எல்லோரும் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் பாதிப் பேர் போட்டாலே புதிய சட்டத்தில் அது வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை.