ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் நாள் முழுவதும் என்னதான் நடக்கிறது?

மகள் இரண்டாம் வகுப்பில் படிப்பதாகவும், மாலையில் "இன்று வகுப்பில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "விளையாடினோம், பேசினோம்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை என்றும், நோட்டைத் திறந்தால் அரைப் பக்கம்கூட நிரம்பியிருப்பதில்லை என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு ஆண்டுகளாக இந்த இரண்டு வகுப்புகளுக்கே பாடம் எடுத்துவருகிறேன். இதே கவலையைப் பல பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகள் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆறு, ஏழு வயதுக் குழந்தை ஒரு விடையைச் சொல்லும்போது அந்த விடைக்கு அது எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கண்டறிவதே என் முதல் வேலை என்று நினைக்கிறேன். அந்த வழி விளையாட்டிலும் பேச்சிலும் வெளிப்படும் அளவுக்கு நோட்டில் வெளிப்படுவதில்லை.

எண்ணுவதையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் ஒரு சிறுவன் எழுந்து நின்று மளமளவென்று எண்ணிக்கொண்டே வந்தான். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று வந்தவன் ஒரு கணம் நின்று, "எண்பத்துப் பத்து" என்றான். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அவன் சொன்னதில் கணக்கு சரியாக இருந்தது, பெயர்தான் தெரியவில்லை. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை எல்லாப் பெயர்களும் 'பது' என்று முடிகின்றன. தொண்ணூறு மட்டும் அந்த வரிசையை விட்டு விலகி, நூறு என்ற சொல்லைத் தன் வாலில் வைத்துக்கொண்டிருக்கிறது. வரிசை முறையை நம்பி வந்த குழந்தை அங்கே தடுமாறுவது இயல்பு. நான் அவனைத் திருத்தவில்லை. பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய குச்சிக் கட்டுகள் எட்டையும் தனிக் குச்சிகள் ஒன்பதையும் அவன் முன் வைத்து, இன்னொரு குச்சியைக் கையில் கொடுத்தேன். தனிக் குச்சிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தவன், "டீச்சர், இதையும் கட்டிவிடலாமா?" என்று கேட்டான். கட்டினான். இப்போது ஒன்பது கட்டுகள் இருந்தன, உதிரி ஒன்றும் இல்லை. இடமதிப்பு என்ற பாடம் அந்த ரப்பர் வளையத்தை மாட்டிய நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது. அன்று அவன் நோட்டில் எழுதியது 90 என்ற ஒரே ஓர் எண்தான்.

ஒன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் பொத்தான்களை வைத்து ஒரு விளையாட்டு நடத்துவேன். ஏழு ஏழாக இரண்டு வரிசைகளை நேருக்கு நேர் அடுக்கி, இரண்டும் சமம் என்று குழந்தையே சொன்ன பிறகு, ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டி வைத்து, எதில் அதிகம் என்று கேட்க வேண்டும். நீளமான வரிசையில்தான் அதிகம் என்று சில குழந்தைகள் உறுதியாகச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளிடம் இதைக் கவனித்து விரிவாக எழுதியிருக்கிறார். இப்படிச் சொல்லும் குழந்தைக்குக் கூட்டல் கணக்கை நோட்டு நிறைய எழுதவைத்துப் பெரிய பயன் இல்லை. பொருள்களைக் கலைத்தும் சேர்த்தும் எண்ணிப் பார்க்கத்தான் அதற்கு இன்னும் நேரம் தேவை.

எழுத்துப் பாடத்தில் நானே நெடுநாள் தவறு செய்திருக்கிறேன். 'செடி' என்று எழுதச் சொன்னால் சில குழந்தைகள் முதலில் 'ச' எழுதி, அதன் வலப்பக்கத்தில் கொம்பு போடுவார்கள். என் முதல் இரண்டு ஆண்டுகளில் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பத்து முறை எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. 'செ' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: முதலில் வருவது 'ச்', பிறகுதான் 'எ'. காதில் விழுந்த வரிசையிலேயே குழந்தை எழுதியிருக்கிறது. வாய்க்கு ஒரு வரிசை, கைக்கு வேறொரு வரிசை என்பதை நாம்தான் அதற்குச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் கொம்பு, கால், மெய் ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளாகக் கொடுத்து, ஒலியைச் சொல்லிக்கொண்டே அடுக்கச் செய்கிறேன். 'கொடி' என்ற சொல்லை அடுக்கிய சிறுமி ஒருத்தி, "க நடுவில் மாட்டிக்கொண்டது, டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு கொம்பை அவள் இடம் மாற்றிப் போட்டதே இல்லை.

கதை நேரம், படம் வரைதல், களிமண், பாட்டு ஆகியவையும் நாள்தோறும் உண்டு. களிமண் பிசைவது விரலுக்குப் பலம் தருகிறது என்பதையும், கதையைப் பாதியில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்பது வாசிப்புக்கு அடித்தளம் என்பதையும் மட்டும் சொல்லிவிட்டு, விதைகளுக்கு வருகிறேன்.

ஊறவைத்த பயறு விதைகளைக் கண்ணாடிக் குவளையின் சுவருக்கும் ஈரப் பஞ்சுக்கும் இடையில் செருகி வைத்தோம். மூன்றாம் நாள் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. விதையை எப்படிச் செருகியிருந்தாலும் வேர் கீழே திரும்புவதை அவர்களே கவனித்துச் சொன்னார்கள். ஒரு குவளையைப் படுக்கவைத்தோம்; மறுநாள் காலை வேர் வளைந்து மறுபடியும் கீழ்நோக்கி இருந்தது. "வெளிச்சத்துக்குப் பயந்து ஓடுகிறது" என்று ஒருவன் சொன்னதால், ஒன்றை இருண்ட அலமாரிக்குள் வைத்துப் பார்த்தோம். அங்கும் வேர் கீழேதான் போயிற்று. அப்போது ஒரு குழந்தை கேட்டது: "கீழே எது என்று அதற்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்லாமல் இருந்தேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத குழந்தைகளும் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். படிக்க எளிதாகத் தோன்றும் இதை முப்பது குழந்தைகள் முன் கடைப்பிடிப்பது கடினம். மௌனம் நீளும்போது நாமே விடையைச் சொல்லிவிடத் துடிப்போம். அன்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு பையன், "அதுக்குள்ளே கனமாக ஏதாவது இருக்கும். கனமானது கீழேதானே போகும்?" என்றான். எனக்கு மெய் சிலிர்த்தது. வேர் நுனியிலுள்ள சில செல்களில் கனமான மாவுச்சத்து மணிகள் அடியில் படிகின்றன. கீழ்த்திசையை வேர் உணர்வதில் அவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதை ஏழு வயதுப் பிள்ளை தானாகவே நெருங்கி வந்திருந்தான். அவன் நோட்டில் அன்று ஒரு வளைந்த கோடும் தேதியும்தான் இருந்தன.

ஆகவே மகள் "விளையாடினோம்" என்று சொன்னால், எதை வைத்து விளையாடினீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எட்டும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டால், எட்டிலிருந்து தொடங்கி ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே எண்ணுகிறாளா, அல்லது ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறாளா என்று பாருங்கள். இரண்டாம் வகுப்பின் பாதி கடந்த பிறகும் ஒன்றிலிருந்தே தொடங்கினால், ஆசிரியரை நேரில் சந்தித்து, நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.