காலை வானொலி நிகழ்ச்சி நடத்த விரும்பும் மகள்: ஹட்டன் பெற்றோர் ஒருவருக்குப் பதில்

உயர்தரக் கலைப்பிரிவில் பயிலும் உங்கள் மகள் வானொலி அறிவிப்பாளராகி, காலை நிகழ்ச்சி நடத்த விரும்புவதாகவும், வாயாடித்தனத்தைத் திறமை என்று எண்ணிவிட்டாரோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானதே. ஆயினும் இத்தொழில் பேச்சைவிட ஆயத்தத்தையே அதிகம் வேண்டி நிற்கிறது. அந்த உழைப்பில் மகளுக்கு மனம் ஒன்றுகிறதா என்பதை வீட்டிலிருந்தே கண்டறியலாம்.

காலை நிகழ்ச்சியின் திட்டம் நேயரின் பொழுதிலிருந்து தொடங்க வேண்டும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, புறப்படுமுன் ரொட்டி சுடும் தாயும், பிள்ளையைப் பிள்ளை மடுவம் எனும் தோட்டக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து மலைக்கு ஏறுபவரும், பாடசாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவரும் ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்பதில்லை. வேலைக்கு நடுவே சில நிமிடங்கள் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆகவே நேரம், வானிலை, முக்கிய செய்தி ஆகியவை அடிக்கடி வர வேண்டும். முதலிலிருந்து கேட்பவர் சலிப்படையாதபடி ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறவும் வேண்டும்.

ஒரு மணி நேரத்தை வட்டமாக வரைந்து, செய்திக்கும் விளம்பரத்துக்கும் பாடலுக்கும் உரிய இடங்களை அதில் குறிக்கச் சொல்லுங்கள். நாலரை நிமிடப் பாடல்கள் 8 என்றாலே 36 நிமிடங்கள் போய்விடும். செய்தியும் விளம்பரமும் கழிந்தபின் எஞ்சும் சில நிமிடங்களே அறிவிப்பாளருக்குரியவை. அதனால் ஒரு முறை பேசும்போது ஒரே விடயத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாடலின் முன்னிசை எத்தனை வினாடி என்பதை அறிந்து, பாடகரின் குரல் எழுமுன் பேச்சை முடிப்பதும் பழகிப் பெற வேண்டிய கலையே.

மலையகத்தில் வளர்ந்தவருக்கு இங்கே ஒரு பலம் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வரும். ‘அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுக்குச் சிவப்பு’ என்று வாசித்துவிட்டு அடுத்த பாடலுக்குத் தாவுபவரைவிட, சிவப்பு என்றால் வெளியேற வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்பவரே லயம் எனும் தோட்ட வரிசை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குப் பயன்படுவார். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் நடக்கும்போது மஸ்கெலியா வீதியில் நெரிசல் மிகும் என்பதையும் அவர் முன்கூட்டியே திட்டத்தில் சேர்ப்பார். அறிவித்தல்கள் பல வேளைகளில் முதலில் சிங்களத்தில் வருவதால், அம்மொழியை வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கேனும் மகள் கற்க வேண்டும்.

பயிற்சிக்குக் கைத்தொலைபேசியே போதும். ஒவ்வொரு மாலையும் மறுநாளுக்கான ஒரு மணி நேரத் திட்டத்தை எழுதி, பேசிப் பதிவுசெய்து, ல, ள, ழ எங்கே பிசகுகின்றன என்று கேட்டுத் திருத்தட்டும். நம் ஊர்ப் பேச்சு வழக்கை அவர் மறைக்க வேண்டியதில்லை. செய்தி வாசிப்புக்கு எழுத்துத் தமிழ் தேவை, நேயருடன் உரையாடுவதற்கு இயல்பான தமிழே அழகு. சில வாரங்களில் ஆர்வம் தளர்ந்தால் அதுவும் ஒரு விடைதான். தளராவிட்டால் தயவுசெய்து தடுக்காதீர்கள். இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகம் போன்ற பெண் அறிவிப்பாளர்கள் பெரும் மதிப்புடன் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

படிப்பை மட்டும் இடைநிறுத்த வேண்டாம். பாடசாலையில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ உயர்தரப் பாடமாக இருந்தால் அதைத் தெரிவு செய்யலாம். பின்னர் பல்கலைக்கழக ஊடகக் கற்கையோ, இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமாவோ உதவும். தொடக்கத்தில் பகுதிநேர வேலையும் குறைந்த வருமானமுமே கிடைக்கக்கூடும் என்பதால் பட்டமோ டிப்ளோமாவோ கையில் இருப்பது அவசியம். காலை நிகழ்ச்சிக்கு விடியுமுன்பே கலையகத்தில் இருக்க வேண்டும். ஆகவே வேலையை ஏற்குமுன் நிலையம் வாகன வசதி தருகிறதா, கொழும்பில் பாதுகாப்பான தங்குமிடம் கிடைக்குமா, கொடுப்பனவு எழுத்தில் உறுதிசெய்யப்படுமா என்பவற்றை நீங்களே நேரில் சென்று கேளுங்கள்.